‘இது என்ற பல்லு இல்ல கண்ணு’: ஹோமில் இருக்கும் பெரியவர்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

2024 ஜூன் 2, காலை (இழையைத் தொடங்கிய வாசகர்)

அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். போன் செய்தால் தினமும் ஒரு புகார். சாம்பாரில் உப்பில்லை என்பதில் தொடங்கி யாரோ சேலையை எடுத்துவிட்டார்கள் என்பது வரை. மேனேஜரைக் கேட்டால் ‘வயசானா அப்படித்தான் சார்’ என்கிறார். என் கருத்து, முக்கால்வாசி கற்பனை. நம்பி ஓடினால் நமக்குத்தான் பிபி ஏறும். மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஜூன் 2, இரவு (பதில் எழுதிய இன்னொரு வாசகி; இனி வருபவை எல்லாம் இவருடையவை)

முக்கால்வாசி கற்பனை என்றே வைத்துக்கொள்வோம். மீதி கால்வாசி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எங்களுக்கு இப்போது அதுதான் தலைவலி.

எங்க வீட்டுக்காரரின் அத்தை. வயது 84. தாராபுரம் பக்கம் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை, மாமா காலமாகிப் பல வருடம் ஆகிறது. கோவைக்கு வெளியே, மருதமலை தெரிகிற தூரத்தில் ஒரு இல்லத்தில் இருக்கிறார். பணம் கட்டுவது அமெரிக்காவில் இருக்கும் அவருடைய கொழுந்தன் மகன். போய்ப் பார்ப்பது நாங்கள்.

அத்தை சொல்வது இவை. சாயங்காலம் ஆனால் பச்சைப் பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தை அலமாரி பக்கத்தில் வந்து நிற்கிறது. சுவர் பூராவும் யாரோ கோலம் போட்டு வைத்திருக்கிறார்கள், அழிக்கச் சொன்னால் கேட்பதில்லை. ராத்திரிப் பால் கசக்கிறது. வாயில் இருப்பது தன்னுடைய பல்செட் இல்லை. பிஸ்கட் பாக்கெட் காணாமல் போகிறது.

வரிசையாகக் கேட்டால் யாருக்கும் என்ன தோன்றும்? மேனேஜருக்கும் அதுதான் தோன்றியது. குழந்தையில் ஆரம்பித்ததால் பல்லும் அதோடு போய்விட்டது.

ஜூன் 5

‘டிமென்ஷியா, வேறென்ன’ என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். இருக்கலாம். ஆனால் போன வாரம் பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னார். எனக்கு நேராகவே வராது. எங்கள் கல்யாணத்துக்கு வைத்த மொய் 51 ரூபாய் என்பதும், பதிலுக்கு நாங்கள் இன்றுவரை எதுவும் செய்யவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது.

வாய்ப்பாடு சொல்கிறார் என்பதால் மறதி நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். பழைய பாடம் கடைசி வரை நிற்கும். நேற்று என்ன சாப்பிட்டார் என்பதுதான் சரியான கேள்வி. அதையும் கேட்டுப் பார்த்தேன். ‘ரவா உப்புமா, முந்திரி ஒண்ணுகூட இல்ல’ என்றார். சமையல்கட்டில் விசாரித்தேன், சரிதான்.

ஜூன் 11

குழந்தை விஷயம் சூடு பிடித்திருக்கிறது.

எங்க வீட்டுக்காரர் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர். வவுச்சர் இல்லாமல் எதையும் நம்ப மாட்டார், வவுச்சர் இருந்தாலும் முழுதாக நம்ப மாட்டார். அவருடைய வாதம்: ‘அத்தை குழந்தையைப் பார்த்தேன்னா, முதல்ல அங்க குழந்தை இருக்கான்னு பார்க்கணும். இல்லைன்னு தெரிஞ்ச அப்புறம்தான் அத்தை தலையைச் சந்தேகப்படணும்.’

மேனேஜர் ‘இங்க குழந்தைகளுக்கு அனுமதியே இல்லீங்க’ என்றார். நாங்கள் தோட்டத்தைப் பார்க்கிற சாக்கில் பின்பக்கம் போனோம். சமையல்கட்டு, அதை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறை. வாசலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு ஒரு பெண் குழந்தை. ஒன்பது வயதிருக்கும். சமையல்கார அம்மாவின் பேத்தி.

எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட ஆடிட்டில் அவருக்கு இப்படிச் சிக்கியிருக்காது.

ஜூன் 12

நேற்று எழுதியது ஒரு பாதி. இன்னொரு பாதி இது. அந்தக் குழந்தை ஐந்து மணி பஸ்ஸில் அம்மாவோடு வடவள்ளிக்குப் போய்விடுகிறது. அத்தை பார்ப்பது விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல். அதோடு, மாடி அறைகளுக்குப் போகும் கிரில் கேட்டைத் தாண்டி அவள் வந்ததே இல்லை. ‘அந்தப் பாட்டி கணக்குக் கேப்பாங்கன்னு ஆயா சொல்லுச்சு’ என்றாள்.

பாட்டியின் புகழ் கீழ்த்தளம் வரை பரவியிருக்கிறது. வழக்கு மட்டும் பழையபடி நிற்கிறது.

ஜூன் 19

ஒரு ராத்திரி அத்தையோடு தங்கிவிட்டு வந்தேன். பெண்கள் தளம், அதனால் எங்க வீட்டுக்காரருக்கு அனுமதி இல்லை, எனக்கு மட்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நைட் டூட்டி பார்த்தே தலை நரைத்தவள் நான், தூக்கம் விழிப்பது பெரிய காரியமில்லை.

ஆறரை மணி. அறையில் லைட் போடவில்லை, கரண்டை மிச்சம் பிடிக்கிறார்கள் போல. அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திடீரென்று, ‘வந்துருச்சு பாரு’ என்றார். சத்தம் போடவில்லை, பயப்படவும் இல்லை. ஸ்கூலுக்கு நேரம் கழித்து வந்த பிள்ளையைப் பார்க்கிற தோரணை.

அலமாரி பக்கத்தில் எதுவும் இல்லை. தொங்கிய துண்டு, குடை, பழைய காலண்டர் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

‘எப்படி இருக்கா?’

‘பச்சப் பாவாடை. அரக்குக் கரை. கரையில அன்னம் போட்டிருக்கு, ஒண்ணு, ரெண்டு, மூணு... மடிப்புல ரெண்டு மறைஞ்சிருக்கு.’

‘பேசுவாளா?’

‘பேரக் கேட்டா வாயே திறக்கறதில்ல. வாத்தியார் ஊட்டுப் புள்ளையா இருக்கும்.’

நான் ட்யூப் லைட்டைப் போட்டேன். ‘போயிருச்சு’ என்றார். அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்துவிட்டாள்.

எட்டரை மணிக்கு எவர்சில்வர் டம்ளரில் பால் வந்தது. அத்தைக்குச் சர்க்கரை நோய், அதனால் வெறும் பால். ஆயாம்மா போன பிறகு ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கசப்பு! வேப்பங்கொழுந்து அளவுக்கு இல்லை, ஆனால் துப்பத் தோன்றுகிற கசப்பு. அடியில் வெள்ளையாக ஏதோ மண்டியிருந்தது. விரலில் எடுத்தால் மணல்மணலாக.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘நான் சொன்னா நம்பலையே’ என்றார்.

பாலை மாற்றச் சொல்லி ஆயாம்மாவிடம் சண்டை போட்டேன். அவர் பாவம், ‘சிஸ்டர் குடுத்ததைக் குடுக்கறேங்க’ என்றார். டம்ளரில் மிஞ்சியதை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தேன். இவர் அதன்மேல் தேதி, நேரம் எழுதி லேபிள் ஒட்டி பிரிட்ஜில் வைத்திருக்கிறார். மருமகளுக்குத் தெரியாமல் மோர்க் குழம்பில் போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

ஜூன் 20, விடியற்காலை

தூக்கம் வரவில்லை. ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நேற்று நான் அறைக்குள் நுழைந்தபோது அத்தை என்னை அடையாளம் கண்டது குரலை வைத்து. ‘யாரு, கண்ணா?’ என்று கேட்டுவிட்டு நான் பேசிய பிறகுதான் சிரித்தார். அலமாரி வாசலைவிடத் தள்ளி இருக்கிறது. வாசலில் நிற்கும் என் முகம் தெரியாதவருக்கு, அலமாரி பக்கம் நிற்பவளின் பாவாடைக் கரையில் அன்னம் எப்படித் தெரிகிறது?

கோலமும் அப்படித்தான். ‘புள்ளி பதினஞ்சு, சிக்குக் கோலம், ஒரு இழை தப்பில்ல’ என்று சொன்னார். ஆனால் தட்டில் வைத்த இட்லியைக் கையால் துழாவித்தான் எடுக்கிறார்.

இவரை எழுப்பிச் சொன்னேன். ‘கண்ணு டாக்டர்’ என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 28

விழித்திரை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் எப்போதோ ஆகிவிட்டது, அதனால் ‘கண்ணு நல்லாத்தான் இருக்கு’ என்று எல்லாரும் விட்டுவிட்டோம். புரை எடுத்த கண்ணிலும் பின்னால் விழித்திரை கெடலாம். அத்தைக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி, மாக்குலா என்கிறார்கள், வயதால் தேய்ந்திருக்கிறது. உலர் வகை. ஓரப் பார்வை இருப்பதால் நடமாடுகிறார், முட்டிக்கொள்வதில்லை. நேர்ப் பார்வைதான் போய்விட்டது. முகம், எழுத்து, இட்லி எல்லாம் அந்த நடுப்பகுதியின் வேலை.

டாக்டர் குழந்தை விஷயத்தைக் கேட்டு ஆச்சரியமே படவில்லை. ‘சத்தம் வருமா? பயமா இருக்கா? கண்ணை இப்படி அப்படி அசைச்சா போயிடுதா?’ என்று அவரே கேட்டார். அத்தை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இதற்கு சார்ல் போனே சிண்ட்ரோம் என்று பெயர். போனே என்பவர் ஜெனீவாவில் இருந்த இயற்கை ஆராய்ச்சியாளர். அவருடைய தாத்தா சார்ல் லுல்லின், 89 வயது, புத்தி நல்ல தெளிவு, பார்வை மட்டும் ஏறக்குறைய போய்விட்டது. ஆனால் ஆண்கள், பெண்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் கண்முன் வந்து போயினவாம். இல்லாதவை என்று அவருக்கே தெரியும். பேரன் அதை 1760இல் எழுதி வைத்தார். அந்தத் தாத்தாவுக்கு எழுதி வைக்க ஒரு பேரன் கிடைத்தான்.

காரணம் ரொம்பப் பெரிய மர்மம் இல்லை. கண்ணில் இருந்து வர வேண்டிய செய்தி குறைந்துபோனால், பார்வைக்கான மூளைப் பகுதி சும்மா இருப்பதில்லை, தானே படம் போட ஆரம்பித்துவிடுகிறது. கட்டம், வலை, செங்கல் சுவர் மாதிரி ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவது உண்டு (அத்தையின் சிக்குக் கோலம்!). அலங்காரம் செய்துகொண்ட ஆட்கள், குள்ளமான உருவங்கள், குழந்தைகள் வருவதும் உண்டு. அந்தப் படங்கள் நிஜப் பார்வையைவிடத் துல்லியமாக இருக்கும். சத்தம் இருக்காது. மங்கிய வெளிச்சத்தில் அதிகம். கண்ணைச் சிமிட்டினாலோ இடவலமாக வேகமாக அசைத்தாலோ லைட்டைப் போட்டாலோ கலைந்துவிடலாம். பலருக்கு நாளாக ஆகக் குறையும்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம். திடீரென்று குழப்பம் வந்தால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார், பெரியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே அது புத்தியைத் தடுமாற வைக்கும். புதிதாக ஆரம்பித்த மாத்திரை, கை நடுக்கம், நடை மாற்றம் எல்லாம் விசாரித்தார். லூயி பாடி என்கிற மறதி நோயிலும் உருவங்கள் தெரியுமாம். அத்தைக்கு யூரின் டெஸ்ட் சுத்தம், நடுக்கம் இல்லை.

‘புதுசா மாத்திரை ஏதாவது?’ என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பிரிட்ஜில் ஒரு பாட்டில் மட்டும் இருந்தது.

ஜூன் 29

மறந்துவிட்டேன். டாக்டர் எல்லாம் விளக்கி முடித்ததும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, ‘எனக்குப் பைத்தியம் இல்லைன்னு எழுதிக் குடுங்க. சீல் வேணும்’ என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே நோயின் பெயரை எழுதி, இது மனநோய் இல்லை என்றும் ஒரு வரி எழுதி, சீலும் வைத்துக் கொடுத்தார். அத்தை அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். யார் அறைக்கு வந்தாலும் படிக்கச் சொல்கிறார். மேனேஜர் இரண்டு தடவை படித்துவிட்டார்.

ஜூலை 7

மாத்திரை.

இல்லத்தில் மருந்து ரிஜிஸ்டரைக் கேட்டோம். ‘பேஷண்ட் ரெக்கார்டு, வெளியே காட்டறதில்லீங்க’ என்றார் மேனேஜர். அத்தையே நேரில் வந்து ‘என்ற ரெக்கார்டு, எனக்குக் காட்டு’ என்றார். ‘இது ஆஸ்பத்திரி இல்லைங்கம்மா’ என்றார். அதற்குத்தான் எங்க வீட்டுக்காரர் காத்திருந்தார். 2002இல் மருத்துவக் கவுன்சில் போட்ட விதிகளில், நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று இருக்கிறது. ‘உங்களைக் கேட்கலைங்க, வாரா வாரம் வர்ற டாக்டரைக் கேட்கறோம்’ என்று சொல்லி, அத்தை கையெழுத்துப் போட்ட கடிதத்தை நீட்டினார். ரிஜிஸ்டர் அன்றைக்கே வந்துவிட்டது.

காலண்டர் தாளின் பின்பக்கம் இவர் எழுதி எடுத்த வரிசை இது. பிப்ரவரியில் ‘விழுங்கச் சிரமம், மாத்திரைகளைப் பொடித்துப் பாலில் கொடுக்கவும்’. மார்ச்சில் ‘மாலையில் இல்லாத குழந்தையைப் பார்க்கிறார்’. அதற்கு அடுத்த வாரம் குவெட்டியாபின் 25 மில்லிகிராம், இரவு ஒன்று. ஏப்ரலில் ‘குளியலறையில் சறுக்கி விழுந்தார், எலும்பு முறிவு இல்லை’. மே மாதம் முழுக்க ‘பகலிலும் உறக்கம்’.

கீழே விழுந்தது எங்களுக்குத் தெரியும். ஈரத் தரை என்றார்கள்.

குவெட்டியாபின் மனநோய்க்கான மருந்து. தூக்கம் வரும், எழுந்து நிற்கையில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். இந்த வகை மருந்துகளை மறதி நோய் உள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் 1.6 முதல் 1.7 மடங்கு வரை கூடுகிறது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இலேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. சில சமயம் தேவைப்படும், கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அத்தைக்கு வந்தது கண் கோளாறு. யாரும் கண்ணைப் பார்க்கவில்லை. குழந்தை தெரிகிறதா, போடு மாத்திரை, முடிந்தது.

சம்மதம் யார் கொடுத்தது என்று பார்த்தால், அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தன் மகன். வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார்கள், அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அங்கே நடுராத்திரி. அவரைத் திட்ட மனம் வரவில்லை, பணம் கட்டுகிறவர் நம்பர்தான் பாரத்தில் இருந்தது.

பாலில் பொடித்துப் போட்டது அது மட்டும் இல்லை. சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின், அட்டையில் எஸ்ஆர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மாத்திரை, பொடித்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால், எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்ட எதையும் பொடிக்காதீர்கள். மேல்பூச்சு போட்ட வயிற்று மாத்திரைகளையும் மருந்துக் கடையில் கேட்காமல் உடைக்க வேண்டாம்.

வேறொரு முதியோர் மருத்துவரைப் பார்த்தோம். அவர் குவெட்டியாபினை நிறுத்தினார். நாங்களாக நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 9

‘போலீசுக்குப் போங்க’, ‘தீர்ப்பாயத்துக்குப் போங்க’ என்று எழுதியவர்களுக்கு. மூத்த குடிமக்கள் சட்டம் 2007இல் வந்தது. கோட்டாட்சியர் தலைமையில் இருக்கும் தீர்ப்பாயம், பிள்ளைகளிடமோ சொத்துக்கு வாரிசாக வரும் உறவினரிடமோ பராமரிப்புத் தொகை வாங்கித் தர, மாதம் 10,000 ரூபாய் வரை. பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை 23ஆம் பிரிவில் ரத்து செய்யலாம். பால் கசக்கிறது என்று அங்கே போய் நிற்க முடியாது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14567க்குப் போன் செய்யலாம், முதியோருக்கான இலவச உதவி எண்.

இன்னொன்று. யாரும் அத்தையைக் கொல்லப் பார்க்கவில்லை. சொத்து தாராபுரத்தில் ஒரு ஓட்டு வீடு, அதையும் நூலகத்துக்கு எழுதிவிட்டார். சதியை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

ஜூலை 10

இவர் காலையில் காப்பி குடிக்கையில் கேட்டார். ‘விழுங்கச் சிரமம்னு பிப்ரவரியில எழுதியிருக்கே, அத்தைக்கு ஏன் விழுங்கச் சிரமம்?’

நம் முன்னால் நன்றாகத்தானே தண்ணீரோடு மாத்திரை போட்டுக்கொள்கிறார். கண் டாக்டர் வீட்டில் முறுக்கு கேட்டார்.

பல்.

ஜூலை 21

இதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

அத்தை ஜனவரி கடைசியில் இருந்தே சொல்லிவந்தது, ‘இது என்ற பல்லு இல்ல கண்ணு’. எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். நாங்கள் சொன்ன பதில், ‘ஈறு சுருங்கியிருக்கும் அத்தை, புதுசு கட்டிக்கலாம்’. அப்படி ஆவதும் உண்டு. வயதாக ஆகத் தாடை எலும்பு தேயும், பழைய செட் ஆடும்.

இந்தத் தடவை கேள்வியை மாற்றிக் கேட்டேன். ‘உங்க பல்லுன்னா எப்படித் தெரியும்?’ அத்தை யோசிக்கவே இல்லை. ‘மேல் தட்டுல ஒரு கோடு ஓடும். வாஷ்பேசின்ல போட்டு ரெண்டா உடைஞ்சு ஒட்டுனது. நாக்குல தட்டுப்படும். இதுல இல்ல.’ இத்தனை மாதத்தில் அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கழற்றச் சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. கோடு இல்லை.

அன்றைக்கும் ராத்திரி தங்கினேன். ஒன்பது மணிக்கு ஆயாம்மா ஒரு பிளாஸ்டிக் மக்கோடு அறை அறையாக வந்தார். அத்தையின் செட்டைக் கழற்றி மக்கில் போட்டார். அடுத்த கட்டில் பாட்டியின் செட்டும் அதே மக்கில். ஒரே குழாயடி, ஒரே பிரஷ். காலையில் இரண்டையும் இரண்டு கிண்ணத்தில் பிரித்து வைப்பார். எதை எந்தக் கிண்ணத்தில் வைப்பது என்பதற்கு அவருக்கு எந்த அடையாளமும் இல்லை. தளத்துக்கு ராத்திரியில் அவர் ஒருவர்தான்.

குழாயடியில் நின்று அந்த இன்னொரு செட்டை வாங்கிப் பார்த்தேன். மேல் தட்டின் குறுக்கே வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு, நகத்தை வைத்தால் லேசாக மேடு தட்டியது.

அடுத்த கட்டில் பாட்டிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. ஓசூரில் இருக்கும் மகன் மாதம் ஒருமுறை வருவார். அத்தை ‘என்ற பல்லு இல்ல’ என்று ஊரைக் கூட்டினார், அவரால் அது முடியாது. பல்லைத் துப்பியிருக்கிறார், ஆயாம்மா மறுபடி மாட்டியிருக்கிறார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளியிருக்கிறார். ‘பிடிவாதம்’ என்று எழுதியிருக்கிறார்கள். எடை ஜனவரியில் 46 கிலோ, ஜூலையில் 41. வாயைத் திறக்க வைத்துப் பார்த்தோம், கீழ் ஈறில் புண், உளுந்தம்பருப்பு அளவுக்கு வெள்ளையாக.

இவர் காலண்டர் தாளை எடுத்து மேலே ஒரு வரி சேர்த்தார். ஜனவரி, பல் மாறியது. பல் மாறியதால் அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பாடு இறங்காததை விழுங்கச் சிரமம் என்று எழுதினார்கள். அதனால் மாத்திரையைப் பொடித்தார்கள். பொடித்ததால் பால் கசந்தது.

குழந்தை மட்டும் தனி வழக்கு. அவளால் வந்தது குவெட்டியாபின், குவெட்டியாபினால் வந்தது கீழே விழுந்தது.

ஜூலை 22

சில பேர் கேட்டிருக்கிறீர்கள். பல் மருத்துவர் இல்லத்துக்கே வந்தார். இரண்டு செட்டையும் நன்றாகச் சுத்தம் செய்து கிருமிநாசினித் தண்ணீரில் போட்டு எடுத்தார். வெந்நீரில் கொதிக்க வைக்க நினைத்திருந்தோம், கூடாதாம், அக்ரிலிக் வளைந்துவிடும். அடுத்த பாட்டிக்குப் புண் ஆறும் வரை பல் இல்லாமல் கஞ்சி, பருப்புச் சாதம். இரண்டு செட்டின் ஓரத்திலும் பெயரின் முதல் எழுத்தைப் பதித்துக் கொடுத்தார், சின்ன வேலைதான். உங்கள் வீட்டில் யாரையாவது ஹோமில் சேர்ப்பதாக இருந்தால் சேலைக்கு மார்க் போடுவதற்கு முன்னால் பல்செட்டுக்குப் போடுங்கள். கண்ணாடி, காது மிஷின் எல்லாவற்றுக்கும்.

அத்தை தன் பல்லைப் போட்டுக்கொண்டு நாக்கால் மேலே ஒருமுறை தடவிப் பார்த்தார். ‘இதுதான்’ என்றார். அப்புறம் முறுக்கு கேட்டார். இருந்த ஒரு பொட்டலத்தையும் முடித்துவிட்டார்.

ஆகஸ்ட் 15

‘அந்த ஆயாம்மாவை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லுங்கள்’ என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். எனக்கும் முதல் நாள் கோபம் வந்தது, குழாயடியிலேயே கத்திவிட்டேன். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தேன். டயப்பர் மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, பாத்ரூம் கூட்டிப்போவது, இடையில் யாராவது பெல் அடித்தால் ஓடுவது. சொந்த ஊர் ஒடிசா, தமிழ் இப்போதுதான் கற்கிறார். அவர் கையில் ஒரே ஒரு மக்கைக் கொடுத்தது யார்?

இல்லத்தின் மேலும் எனக்கு இரண்டு மனம்தான். சுத்தம் நன்றாக இருக்கிறது, சாப்பாடு சூடாக வருகிறது, யாரும் கை ஓங்குவதில்லை. ஒரே குறை, புகாரை எழுதுகிற நோட்டில் எல்லாமே ஒரே பத்தியாகப் போகிறது. குழந்தை, கோலம், பல், பால், பிஸ்கட், ‘குழப்பமாகப் பேசுகிறார்’. இவர் அவர்களுக்கு ஒரு புது நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தார். ஒரு புகாருக்கு ஒரு வரி. யார் போய்ப் பார்த்தது, என்ன தெரிந்தது, தேதி. மேனேஜர் வாங்கி வைத்துக்கொண்டார். எழுதுகிறாரா என்று மாதா மாதம் தணிக்கை நடக்கிறது. தணிக்கையாளர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இழையைத் தொடங்கியவருக்கு: அம்மாவின் சேலையை ஒரு தடவை சலவைக் கட்டில் தேடிப் பாருங்கள்.

ஆகஸ்ட் 17

சேலை கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உப்பு?

செப்டம்பர் 8

அத்தையை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவோம் என்று பேசினோம். மருமகளும் சரி என்றாள். அத்தைதான் மறுத்துவிட்டார். ‘உங்க ஊட்டுல மாடிப்படி. இங்கன்னா பக்கத்துக் கட்டில்காரிக்கு யாரு பேசறது?’ என்கிறார். இப்போது அந்தத் தளத்தில் யாருக்கு என்ன குறை என்றாலும் அத்தை வழியாகத்தான் வருகிறது. மேனேஜர் எங்களுக்குப் போன் செய்து, ‘சார், அத்தை கொஞ்சம் கம்மியா புகார் சொன்னா நல்லா இருக்கும்’ என்று அழாத குறையாகக் கேட்டுக்கொண்டார். அந்தப் பாட்டி 43 கிலோவுக்கு வந்திருக்கிறார்.

பச்சைப் பாவாடை வருவது குறைந்திருக்கிறது. விளக்கு வைக்கும் முன்பே ட்யூப் லைட் போட்டுவிடுகிறார்கள், கரண்ட் பில் எவ்வளவு கூடிற்று என்று மேனேஜர் ஒரு நாள் சொல்லிக் காட்டினார். கோலம் அப்படியே இருக்கிறது. அத்தைக்கு அதில் வருத்தமில்லை, வெள்ளைச் சுவருக்கு அது தேவலை என்கிறார்.

பிஸ்கட் மட்டும் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. இவர் பாக்கெட்டுக்கு நம்பர் போட்டு வைத்துப் பார்த்துவிட்டார். எனக்கு ஜன்னல் வழியாக வரும் குரங்குகள் மேல் சந்தேகம், மருதமலைப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. அவருக்கு மேனேஜர் மேல்.

அக்டோபரில் இருந்து மாதக் கட்டணத்தை 1,500 ரூபாய் கூட்டப் போகிறார்களாம். ராத்திரி ஷிப்டுக்கு இன்னொரு ஆயாம்மா வந்தால் கட்டலாம், வராவிட்டால் ஒரு பைசா கூடாது என்று அத்தை சொல்ல, இவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். கீழே கையெழுத்துப் போட அந்தத் தளத்தில் பதினோரு பேர் தயார்.